படிப்பது ஆங்கிலம், போய்ச் சேர்வது எங்கே?

(திருத்தணியில் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

தணிகை மலை தெரியும் இந்தத் திடலிலே நின்று மொழியைப்பற்றிப் பேசுவது எளிதான காரியமல்ல. மற்ற ஊர்களிலே மொழி என்பது பேச்சு. இந்த ஊரிலே மொழி என்பது மண்! 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இந்தத் திருத்தணி அங்கே போயிற்று. எல்லைப் போராட்டம் எழுந்தது, ஊர்வலங்கள் நடந்தன, சிறைக் கதவுகள் திறந்தன, மூடின. மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னே நின்றனர். படாஸ்கர் குழு அமைந்தது. கிராமம் கிராமமாக எந்த மொழி பேசுவோர் மிகுதி என்று கணக்கெடுக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி நம்மோடு வந்து சேர்ந்தது.

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்தப் போரை நடத்திய ம.பொ.சி. பள்ளியிலே படித்தது மூன்றாம் வகுப்புவரை. ஆனால், மண்ணை மீட்டுத் தந்த 1959ஆம் ஆண்டுச் சட்டம் எழுதப்பட்டது ஆங்கிலத்திலே! தமிழ் உணர்ச்சி மண்ணைக் கேட்டது. ஆங்கில எழுத்து அதைப் பத்திரத்தில் பதித்தது. உணர்ச்சி இருந்து எழுத்து இல்லையானால், கேட்டது கிடைத்திராது. எழுத்து இருந்து உணர்ச்சி இல்லையானால், கேட்கவே நாதி இருந்திராது. இன்று நான் பேச வந்திருப்பதன் சாரம் இவ்வளவுதான். எனினும், ஒலிபெருக்கிக்குக் காசு கொடுத்துவிட்டீர்கள். ஆகவே சற்று விரித்தே பேசுகிறேன்.

சென்ற முறை இந்தப் பக்கம் வந்தபோது, கூட்டம் முடிந்து மேடையைவிட்டு இறங்கினேன். பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். விசைத்தறி ஓட்டுபவர். கையிலே நூல் தூசி, கண்ணிலே கவலை.

"தம்பி! ஒண்ணு கேக்கணும். எம் பொண்ணு காலேஜில சேர்ந்திருக்கா. ஆங்கில இலக்கியமாம். நர்சு படிச்சா ஆஸ்பத்திரின்னு தெரியும். கணக்கு படிச்சா பேங்க்குன்னு தெரியும். இது எங்க போய்ச் சேரும்?"

"நல்ல படிப்புதான் ஐயா" என்றேன். மேடைப் பேச்சாளனுக்கு எப்போதும் கைவசம் இருக்கும் பொத்தாம் பொதுவான பதில் அது!

அவர் விடவில்லை. "தறியில பாவு ஏத்தினா துணி வரும், தம்பி. இதுல என்ன வரும்?"

தோழர்களே! ஆயிரம் பேர் கைதட்டும்போது தடுமாறாத நான், அந்த ஒரு மனிதர் கேட்டபோது தடுமாறினேன். ஏன் தெரியுமா? நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன். அவர் மகள் இன்று எந்த வகுப்பிலே உட்கார்ந்திருக்கிறாளோ, அந்த வகுப்பிலிருந்து எழுந்து ஓடியவன். அவருக்கு அன்று சொல்லாத பதிலை இன்று இந்த ஊரார் அனைவர் முன்னிலையிலும் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில், இந்தப் படிப்பு எப்படி வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? எதற்காக?

1835ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் இரண்டாம் நாள் மெக்காலே தமது குறிப்பை எழுதினார். ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையே நின்று பணியாற்றும் ஒரு வகுப்பாரை உருவாக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அடுத்த மாதமே பெண்டிங்கு பிரபுவின் ஆணை பிறந்தது. 1857ஆம் ஆண்டு கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த நாள் செப்டம்பர் ஐந்து.

இன்னொன்றையும் கேளுங்கள். ஆக்ஸ்போர்டு என்கிறார்களே, அறிவுலகத்தின் தலைநகரம் என்று! அங்கே ஆங்கில இலக்கியம் பட்டப் படிப்பாக வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற வேளையில்தான். கேம்பிரிட்ஜிலே 1917இல்தான். ஆனால், நம் நாட்டுக் கல்லூரிகளிலே அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஷேக்ஸ்பியரும் மில்ட்டனும் பாடமாக இருந்தனர்! சொந்த வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டுமுன் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டினார்கள் என்றால் அது பாசத்தினாலா? அல்ல. தங்கள் கவிதையைக் காட்டி, 'இவ்வளவு உயர்ந்தவர்கள் ஆளத்தானே பிறந்தவர்கள்' என்று நம்மை நம்பவைப்பதற்காக. பீரங்கி அடக்கியவனைப் பாடப் புத்தகம் பணியவைக்கும் என்ற கணக்கு அது.

கணக்கு பிழையானது அல்ல. ஆயினும், விடை அவர்கள் எதிர்பார்த்தது அல்ல! எழுத்தர்களை எதிர்பார்த்தார்கள், எழுத்தர்களும் வந்தார்கள். ஆனால், வேறு சிலரும் அந்த வாயில் வழியே வெளியே வந்தார்கள். அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்ப்போம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர். இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர். அவர்களில் ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. ஆங்கிலம் கற்றார், அரசாங்க அலுவல் பெற்றார். பிறகு செய்ததென்ன? செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தேடினார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றினார். கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார். ஆங்கிலப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி போய்ச் சேர்ந்த இடம் தொல்காப்பியம்! மெக்காலே எண்ணிப் பார்த்திருப்பாரா?

யாழ்ப்பாணம் தொலைவு என்பீர்கள். இந்தத் தணிகைக்கே வருகிறேன். வ.த. சுப்பிரமணிய பிள்ளை என்றொருவர் இருந்தார். ஆங்கிலேயர் ஆட்சியிலே நீதிமன்ற அலுவலர். பின்னர் மாவட்ட முன்சீப். நீதிமன்ற அலுவலிலே இருந்தபோது, தில்லைத் தீட்சிதர்கள் தங்கள் வழக்கிற்குச் சான்றாகத் திருப்புகழ்ப் பாட்டு ஒன்றைக் காட்டினார்கள். அந்தப் பாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. அன்றுமுதல் ஊர் ஊராக ஏடு தேடினார். திருப்புகழின் முதற்பகுதியை 1894இல் வெளியிட்டார். அவர் மகன்தான் உங்கள் ஊர்ப் பெயரையே பட்டமாகத் தாங்கிய தணிகைமணி செங்கல்வராய பிள்ளை. தந்தை தேடித் தந்த நூலுக்கு மகன் உரை எழுதினார். அந்த நூலின் பக்தி எனக்குரியதல்ல, நீங்கள் அறிவீர்கள். ஆனால், அதன் சந்தம் தமிழனுடைய சொத்து. அந்தச் சொத்தை மீட்டவர் யார்? கோட்டும் சட்டப் புத்தகமுமாக ஆங்கிலத்திலே தீர்ப்பு எழுதிய முன்சீப்!

நான் நாடகக்காரன், ஆகவே, நாடகத்தைத் தொடாமல் மேலே போக முடியாது. திருவனந்தபுரத்துக் கல்லூரியிலே தத்துவப் பேராசிரியராக இருந்தார் சுந்தரம் பிள்ளை. லிட்டன் பிரபு ஆங்கிலத்திலே எழுதிய ஒரு கதையைப் படித்தார். நம்மைப் போன்றவர்கள் படித்தால் 'கதை நன்று' என்று மூடி வைத்திருப்போம். அவர் 1891இல் அதை 'மனோன்மணீயம்' ஆக்கினார். அந்த நாடகத்தின் வாசலிலே தமிழ்த் தெய்வத்துக்கு ஒரு வணக்கம் வைத்தார். 1970ஆம் ஆண்டுமுதல் அது நம் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021ஆம் ஆண்டு மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. இன்று இந்தக் கூட்டத்தின் தொடக்கத்திலே எழுந்து நின்றீர்களே, அந்தப் பாட்டின் பிறப்பிடத்திலே ஓர் ஆங்கிலக் கதை இருக்கிறது!

அதே 1891ஆம் ஆண்டு சென்னையிலே பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஆங்கிலம் படித்த இளைஞர். தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர். அவரை மாற்றியது எது? பல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழு! எல்லையோர மக்களே, உங்களுக்கு இது நன்றாகப் புரியும். தெலுங்கு தட்டி எழுப்பியது. ஆங்கிலம் வழி காட்டியது. தமிழ் மேடை ஏறியது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். வெனிஸ் நகர வணிகன் 'வாணீபுர வணிகன்' ஆனான். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் அரிதாரம் பூசியபோது, 'கூத்தாடி' என்ற இழிசொல் வலுவிழந்தது. அந்த வழியிலே வந்த நாங்கள்தாம் பின்னர் நாடகத்தை நாட்டுக்கு நல்லறிவு புகட்டும் கருவியாக்கினோம்.

பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். தான் படித்த ஆங்கிலப் பள்ளிப் படிப்பைச் சாடிப் பாடிய அதே பாரதி, 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் சூட்டிக்கொண்டான். முரண்பாடா? முரண்பாடல்ல. படிப்பிக்கப்பட்ட முறையை வெறுத்தான். படித்த கவிதையைக் காதலித்தான். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இனி, நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் பெயருக்கு வருகிறேன். இந்த ஊர்ப் பிள்ளை டாக்டர் இராதாகிருஷ்ணன். 1888ஆம் ஆண்டு செப்டம்பர் ஐந்தாம் நாள், சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த அதே தேதியில், முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து இங்கே பிறந்தார். வீட்டிலே தெலுங்கு, தெருவிலே தமிழ். செல்வம் கொழித்த குடும்பமல்ல. உதவித்தொகைகளைப் பற்றிக்கொண்டு படி ஏறினார்: திருத்தணி, திருப்பதி, வேலூர், பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரி. தத்துவம் படித்தது ஏன் தெரியுமா? அந்தப் பாடத்தை முடித்த உறவினர் ஒருவர் தம் பழைய புத்தகங்களைக் கொடுத்தார். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம்! அப்படித் தேர்ந்த பாடம் அவரை எங்கே கொண்டுபோயிற்று? 1926இல் ஆக்ஸ்போர்டிலே சொற்பொழிவு. 1936இல் அதே ஆக்ஸ்போர்டிலே கீழைச் சமயங்களுக்கும் அறநெறிக்குமான ஸ்பால்டிங் பேராசிரியர் இருக்கை. அந்த இருக்கையிலே முதன்முதலாக அமர்ந்தவர் அவரே. 1962இல் குடியரசுத் தலைவர்.

அவருடைய தத்துவத்தோடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே விரிக்க வரவில்லை. ஆனால், ஒன்றை மறுக்க முடியாது. 'உங்கள் சிந்தனை தாழ்ந்தது' என்று கூறிய பாதிரியார்கள் நடத்திய கல்லூரியிலே, அவர்கள் மொழியிலேயே அவர்களுக்கு மறுமொழி எழுதினார். தாம் நம்பியதை உலகத்தின் செவியிலே ஏறும்படி சொல்ல அவருக்கு ஆங்கிலம் பயன்பட்டது. நாம் நம்புவதைச் சொல்லவும் அது பயன்படும். கத்தி யார் கையிலும் அறுக்கும்!

அவர் தலைமையிலே 1948-49இல் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைந்தது. ஆங்கிலத்தால் உயர்ந்த அவர் என்ன பரிந்துரைத்திருப்பார்? 'எல்லாமே ஆங்கிலத்தில்' என்றா? இல்லை. உயர்கல்வியின் பயிற்றுமொழியாக இந்திய மொழிகள் வர வேண்டும். ஆனால், உலகில் வளர்ந்துகொண்டே போகும் அறிவோடு தொடர்பு அறாமலிருக்க ஆங்கிலமும் கற்பிக்கப்பட வேண்டும் என்றது அக்குழு. 1968ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் தமிழகச் சட்டமன்றத்திலே அறிஞர் அண்ணா நிறைவேற்றிய தீர்மானம் தமிழும் ஆங்கிலமும் போதும் என்றது. அண்ணாவும் ஆங்கிலவழியிலே எம்.ஏ. வரை கற்றவர், தமிழிலே நாடகம் எழுதியவர்.

இதுவரை கைதட்டினீர்கள். இனிச் சொல்லப்போவதற்குக் கைதட்ட மாட்டீர்கள், தட்டவும் வேண்டாம்.

வாயில் வழியே வெளியே வந்தவர்களைப்பற்றி மட்டுமே பேசினேன். வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவர்கள்? கும்பகோணத்துக் கல்லூரியிலே ஒரு மாணவன் இருந்தான். கணக்கிலே பேராசிரியரையே திகைக்க வைத்தவன். ஆங்கிலத்திலே தேறவில்லை, உதவித்தொகை பறிபோயிற்று. பிறகு சென்னையிலே பச்சையப்பன் கல்லூரி. அங்கும் தேர்விலே தோல்வி. பட்டமே பெறாமல் துறைமுக அலுவலகத்திலே எழுத்தரானான். 1913இல் அவன் கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினான். ஹார்டி என்ற பேராசிரியர் அதைப் படித்தார். 1918இல் அவன் இராயல் சொசைட்டியின் உறுப்பினனானான். இராமானுஜன்! அந்த ஒரு கடிதம் போய்ச் சேராமல் இருந்திருந்தால்? ஆங்கிலத்தில் தவறியவன் அறிவிலி என்று முத்திரை குத்தும் பழக்கம் ஓர் இராமானுஜனையே விழுங்கப் பார்த்தது. நம் ஊர்களிலே விழுங்கப்பட்டோர் பெயர் யாருக்குத் தெரியும்?

ஒருவன் பெயர் எனக்குத் தெரியும். அவன்தான் உங்கள் முன் நிற்கிறான். நான் தமிழ்வழிப் பள்ளியிலே படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். பாடம் 'ஜூலியஸ் சீசர்'. ஆசிரியர் பாடம் நடத்தினார், நான் தலையாட்டினேன். ஒரு சொல்கூட விளங்கவில்லை. விளங்காததை ஒப்புக்கொள்ளும் துணிவும் இல்லை. கடையிலே விற்ற உரைநூலை வாங்கி உருப்போட்டேன். ஒரு நாள் எழுந்து படிக்கச் சொன்னார்கள். படித்தேன். என் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். மறுநாள் போனேன், மறுவாரம் போகவில்லை, இரண்டாம் ஆண்டோடு நின்றேன். வீட்டிலே 'கட்சி வேலை' என்றேன். கட்சியிலே 'கொள்கைக்காகப் படிப்பைத் துறந்தவன்' என்றார்கள். நான் மறுக்கவில்லை. தோழர்களே, அது துறவல்ல, பயம்!

பல ஆண்டுகள் கழித்து அதே நாடகத்தை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாகப் படித்தேன். அந்தோணி சீசரின் பிணத்தின் முன் நின்று பேசுகிறானே, அது என்ன? பொதுக்கூட்டப் பேச்சு! கூட்டம் எதிர்த் தரப்பில் நிற்கிறது. அவன் எடுத்த எடுப்பில் யாரையும் திட்டவில்லை. எதிரியைக் 'கண்ணியவான், கண்ணியவான்' என்று புகழ்ந்துகொண்டே போகிறான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்தக் கண்ணியம் ஓர் அங்குலம் சரிகிறது. உயில் ஒன்று இருக்கிறது என்கிறான். படிக்க மாட்டேன் என்கிறான். கூட்டமே படி படி என்று கெஞ்சுகிறது. அடடா! நான் மேடையிலே பத்தாண்டுகள் தட்டுத் தடுமாறிக் கற்ற கலை முழுவதும் அந்தப் பாடப் புத்தகத்திலே இருந்தது. என் தொழிலையே எனக்குக் கற்பிக்க வந்த பாடத்தை, ஒரு சிரிப்புக்கு அஞ்சி, நான் கைவிட்டு ஓடினேன். பாரதி சாடியது இதைத்தான். கவிதையின் மீது குற்றமில்லை. அதைக் கற்பிக்கும் முறையின் மீதும், சிரித்த வாயின் மீதும்தான் குற்றம்.

ஆகவே, நெசவாளர் பெரியவரே! உங்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். இது எங்கே போய்ச் சேரும்?

ஒன்று, ஆசிரியர் பணி. பட்டத்திற்குப் பின் பி.எட்.; பின்னர் ஆசிரியர் தகுதித் தேர்வு; ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியே அரசுப் பள்ளி. மேலே எம்.ஏ. படித்து, நெட் அல்லது செட் தேர்வு எழுதினால் கல்லூரி ஆசிரியர் பணிக்குப் போட்டியிடலாம். போட்டி கடுமை, காத்திருப்பு நீளம். மேடைக்காரன் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

இரண்டு, சட்டம். எந்தப் பட்டம் பெற்றவரும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பிலே சேரலாம். சென்னை உயர்நீதிமன்றத்திலே தமிழ் ஒலிக்க வேண்டுமென்று 2006ஆம் ஆண்டு டிசம்பரில் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும், அங்கே இன்னமும் ஆங்கிலமே ஆட்சி செய்கிறது. அது மாறும்வரை, நம் மக்களின் வழக்கை அந்த மொழியிலே எடுத்துரைக்க நம் வீட்டுப் பிள்ளைகள் வேண்டாமா?

மூன்று, அரசுத் தேர்வுகள், செய்தித்தாள், தொலைக்காட்சி, பதிப்பகம், வணிக நிறுவனங்களின் அலுவல்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. ஆங்கிலம் படிக்கிறோம் என்று தமிழை ஏறக்கட்டிவிடாதீர்கள். 2021ஆம் ஆண்டு பிறந்த அரசாணைப்படி, தமிழ்த்தாளிலே தகுதி மதிப்பெண் பெறாதவருக்கு மாநில அரசுப் பணி இல்லை. ஆங்கிலப் பட்டத்தோடு வந்து தமிழிலே தவறிவிட்டு நிற்பது, கிணற்றைத் தாண்டியவன் வாய்க்காலிலே விழுந்த கதையாகும்!

நான்கு, மொழிபெயர்ப்பு. என் உள்ளம் இதிலேதான் தங்குகிறது. மைசூரிலே தமிழ்க் குடும்பத்திலே பிறந்த ஏ.கே. இராமானுஜன் படித்தது ஆங்கில இலக்கியம். அமெரிக்காவிலே சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்திலே பழந்தமிழ் இலக்கணம் தேடப் போனவர் கையிலே சங்கப் பாட்டு கிடைத்தது. 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்திலே தந்தார். தமிழ் என்ற பெயரையே கேட்டறியாதவர்கள் குறிஞ்சி நிலத்துத் தலைவியின் ஏக்கத்தைப் படித்தார்கள். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் என்ற அம்மையார் சென்னைப் பல்கலைக்கழகத்திலே ஆங்கில இலக்கியம் படித்தவர். அவர் கையால்தான் பாமாவின் 'கருக்கு' ஆங்கிலம் பேசிற்று; ஒடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் குரல் கடல் கடந்தது. 2023ஆம் ஆண்டு பெருமாள்முருகனின் 'பூக்குழி' அனிருத்தன் வாசுதேவனின் மொழிபெயர்ப்பிலே பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலிலே இடம்பெற்றது. அதே ஆண்டு சென்னையிலே பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி தொடங்கியது. தமிழ் நூல்களைப் பிற மொழிகளில் வெளியிட அரசு நல்கையும் தருகிறது. நூல்கள் இருக்கின்றன, கேட்போர் இருக்கின்றனர். இரு மொழியும் இயல்பாகத் தெரிந்த கைகள்தாம் போதவில்லை.

'எல்லாவற்றையும் இயந்திரமே மொழிபெயர்த்துவிடுகிறதே. கைப்பேசியே ஆங்கிலம் பேசுகிறதே. எதற்கு இந்தப் படிப்பு?' என்று ஒரு தம்பி கேட்பான். நல்ல கேள்வி. இயந்திரம் சொல்லை மாற்றித் தரும், தம்பி. சொன்னது சரியா என்று பார்ப்பது யார்? 'கண்ணியவான்' என்ற சொல்லை அது பெயர்த்துவிடும். அந்தோணி அதை ஏன் அத்தனை முறை சொல்கிறான் என்று உனக்குத் தெரியாவிட்டால், இன்றைய அந்தோணிகள் உன்னை ஏமாற்றிவிடுவார்களே! இலக்கியம் படிப்பது சொல்லுக்குப் பின்னே நிற்கும் ஆளைக் காண்பதற்கு. வாக்குக் கேட்டு வருகிறவனையும், கடன் பத்திரம் நீட்டுகிறவனையும், செய்தி என்ற பெயரிலே நஞ்சு பரப்புகிறவனையும் அடையாளம் காணும் கண் அது.

இன்னொரு பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்பார்: 'தமிழுக்காகச் சிறை சென்ற இயக்கம் ஆங்கிலத்துக்கு வக்காலத்து வாங்கலாமா?' அண்ணா! நாம் எதிர்த்தது திணிப்பை, படிப்பை அல்ல. ஆங்கிலத்தையும் எவனாவது நம் தலைமீது எசமானனாக ஏற்றி வைத்தால் அதையும் எதிர்ப்போம். தமிழ்வழியிலே படித்தோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்ததே, அது அந்த எதிர்ப்பின் நல்விளைவு. வழியாகப் பயன்படும் மொழி வேறு. வாழ்வாக இருக்கும் மொழி வேறு. பெரியவர் தறியிலே பாவு முதலில் ஏறும். பிறகுதான் ஊடை ஓடும். தமிழ் பாவு, ஆங்கிலம் ஊடை. பாவு இல்லாமல் ஊடை எங்கே ஓடும்? ஊடை இல்லாத பாவு வெறும் நூலாகத்தான் நிற்கும்.

சரி, பேசிக் கலைவதற்காகவா கூடினோம்? கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன்.

ஒரு காலத்திலே நம் இயக்கம் எங்கே வளர்ந்தது? முடிதிருத்தகங்களிலே, தேநீர்க் கடைகளிலே, படிப்பகங்களிலே! கூரை வேய்ந்த கொட்டகை, இரண்டு பெஞ்சு, நாலு நாளிதழ். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தெரிந்தவர் உரக்கப் படித்துக் காட்டினார். அறியாதவனைப் பார்த்து அங்கே யாரும் சிரிக்கவில்லை. அந்தப் படிப்பகங்கள் பலவற்றிலே இன்று கொடிக்கம்பம் இருக்கிறது, பெயர்ப் பலகை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது!

அந்தப் பூட்டைத் திறவுங்கள். வாரத்திற்கு இரண்டு மாலை போதும். இந்தத் திருத்தணியிலே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆங்கிலம் படித்து முடித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் வந்து உட்காரட்டும். பள்ளப்பட்டுப் பிள்ளையும் பள்ளிப்பட்டுப் பிள்ளையும் எதிரே உட்காரட்டும். ஒரு நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலத்தில் உரக்கப் படியுங்கள். அதன் பொருளைத் தமிழிலே பேசுங்கள். தெலுங்கு வீட்டுப் பிள்ளை வந்தால் தெலுங்கிலே சொல்லட்டும்; எல்லையூருக்கு அதுதான் அழகு. உரைநூல் கூடாது, உருப்போடல் கூடாது. உச்சரிப்புப் பிழைக்கு யாராவது சிரித்தால், சிரித்தவருக்கு அன்று தேநீர்ச் செலவு! என் வகுப்பிலே அப்படியொரு சட்டம் இருந்திருந்தால், நான் பட்டம் பெற்றிருப்பேனோ என்னவோ, ஓடியிருக்க மாட்டேன்.

இறுதியாக ஒன்று. உங்கள் ஊரிலே டிசம்பர் 31ஆம் நாள் இரவு படித் திருவிழா நடக்கிறது. அது எப்படி வந்ததென்று ஊர்ப் பெரியவர்கள் கூறுவர். ஆங்கிலப் புத்தாண்டன்று மாலையும் பழமுமாக வெள்ளைத் துரைமார்களைக் கண்டு வணங்கி வருவது அந்நாளைய வழக்கம். அதைப் பார்த்து மனம் பொறாத வள்ளிமலைச் சுவாமிகள், 'துரையை வணங்கப் போகுமுன் தணிகைத் துரையைப் பார்க்கலாமே' என்ற எண்ணத்திலே 1917இல் அந்த விழாவைத் தொடங்கினார். மலை ஏறுவது அவரவர் விருப்பம்; அதைப்பற்றி எனக்குப் பேச்சில்லை. எனக்குப் பிடித்தது அதற்குள் இருக்கும் தன்மானம். ஆண்டு அவர்களுடையது, நாள் அவர்களுடையது, ஆனால், முதுகை மட்டும் வளைக்க மாட்டோம் என்றார்களே, அது!

ஆங்கிலத்தையும் அப்படியே படியுங்கள். மொழி அவர்களுடையதாக இருந்தது. இன்று கற்றவர் அனைவருக்கும் உரியது. கற்போம், வளைய மாட்டோம். மலைப் படிகள் 365 என்கிறார்கள். நாளுக்கு ஒரு படி வைத்தாலும் ஓர் ஆண்டிலே உச்சி. நாளுக்கு ஒரு பக்கம் படித்தாலும் ஓர் ஆண்டிலே ஷேக்ஸ்பியரின் இரண்டு மூன்று நாடகங்கள் உங்களுடையவை.

பொதட்டூர்ப்பேட்டைப் பெரியவர் இந்தக் கூட்டத்திலே இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. இருந்தால் கேளுங்கள், ஐயா! உங்கள் மகள் தொல்காப்பியத்திற்கும் போகலாம், உயர்நீதிமன்றத்திற்கும் போகலாம், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திற்கே திரும்பியும் வரலாம். எங்கே போனாலும் சரி. என்னைப் போல வகுப்பிலிருந்து எழுந்து ஓடிவிடாமல் இருக்கட்டும். ஓடத் தோன்றுகிற நாளிலே, திறந்திருக்கும் ஒரு படிப்பகத்தின் விளக்கு அவள் கண்ணிலே படட்டும். அந்த விளக்கை ஏற்றும் பொறுப்பு நம்முடையது.